மூச்சுக்கு வழி தேடிய மருத்துவர் இப்னு ஸுஹ்ர்

வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்துவிட்டால், ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டர் யார், கைராசிக்காரரா என்றெல்லாம் நாம் நாலு பேரிடம் விசாரிப்போம். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் யார் என்று கேட்பவர்கள் நம்மில் மிகக் குறைவு. ஆனால் ஆபரேஷன் முடியும்வரை நம்மவரின் மூச்சு அந்த மயக்க மருத்துவரின் பொறுப்பில்தான் இருக்கிறது.

மயக்க மருந்து ஏறியதும் உடலின் தசைகள் தளர்ந்துவிடும். நாக்கும் தொண்டைச் சதையும் பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைக்கும். இரைப்பையில் ஏதாவது இருந்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். பிராணவாயு சில நிமிடங்கள் கிடைக்காமல் போனால் மூளை பாதிக்கப்படும். ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றுடன் வரச் சொல்வதும், வாயை நன்றாகத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதும், ஆடுகிற பல் இருக்கிறதா என்று கேட்பதும் இதனால்தான். மூச்சுப் பாதையைத் திறந்து வைத்திருப்பதுதான் மயக்க மருத்துவத்தின் முதல் பாடம்.

இந்தப் பாடம் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை. பல நாட்டு மருத்துவர்கள் பல நூற்றாண்டுகளாகச் சேர்த்த அறிவு இது. அந்த நீண்ட வரிசையில், ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன் அந்தலூசியாவில் (இன்றைய ஸ்பெயினின் தென்பகுதி) வாழ்ந்த முஸ்லிம் மருத்துவர் ஒருவருக்கு உறுதியான இடம் உண்டு. அவர்தான் அபூ மர்வான் அப்துல் மலிக் இப்னு ஸுஹ்ர். ஐரோப்பியர் அவரை அவென்ஸோவர் என்ற பெயரில் அறிவார்கள்.

அவரைப் பற்றி நம்மிடையே பகிரப்படும் செய்திகளில், தொண்டையில் துளையிட்டு உயிர் காக்கும் சிகிச்சையை உலகிலேயே முதலில் செய்தவர் அவர்தான் என்று சொல்லப்படுவதுண்டு. அது சரியல்ல. அவர் உண்மையில் செய்தது என்ன என்று தெரிந்துகொண்டால், அவர் மீதான மதிப்பு குறையாது, கூடவே செய்யும்.

மருத்துவமே குலத்தொழிலான வீடு

இப்னு ஸுஹ்ர் 1090களின் தொடக்கத்தில் பிறந்தவர். அவருடைய ஊர் இஷ்பீலியா. இன்று அதை செவில்லி என்கிறோம். இயாத் என்ற அரபுக் குலத்தின் வழிவந்த பனூ ஸுஹ்ர் குடும்பம் அந்தலூசியாவில் பெயர் பெற்றது. மார்க்கச் சட்ட அறிஞர்களும் அமைச்சர்களும் கவிஞர்களும் அந்தக் குடும்பத்தில் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தொடர்ந்து ஐந்து தலைமுறைகளில் மருத்துவர்கள் வந்த குடும்பம் அது.

அவருடைய பாட்டனார் கிழக்கே சென்று மருத்துவம் செய்து பேரெடுத்துவிட்டு அந்தலூசியா திரும்பியவர். தந்தை அபுல் அலா ஸுஹ்ர், செவில்லியை ஆண்ட முஃதமிதிடம் மருத்துவராக இருந்தார். 1091ல் முராபிதூன்கள் செவில்லியைக் கைப்பற்றிய பிறகு அவர்களுடைய அரசவையிலும் மதிப்போடு இருந்தார். ஆட்சி மாறியும் மருத்துவருக்கான மரியாதை மாறவில்லை.

இந்தத் தந்தையைப் பற்றி, மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். ஈராக்கிலிருந்து வந்த வணிகர் ஒருவர் இப்னு ஸீனாவின் அல்கானூன் நூலின் அழகான பிரதி ஒன்றை அபுல் அலாவுக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தலூசியாவில் அதற்கு முன் அந்த நூலை அபுல் அலா பார்த்ததில்லை. புரட்டிப் பார்த்தவருக்கு நூல் பிடிக்கவில்லை. தம் நூலகத்தில் வைக்கவும் மனம் வரவில்லை. தாள்களின் ஓரத்தில் எழுதாமல் விட்டிருந்த பகுதிகளை வெட்டியெடுத்து, நோயாளிகளுக்கு மருந்துச் சீட்டு எழுதப் பயன்படுத்திக்கொண்டாராம்.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. தொண்டை அடைத்து மூச்சுத் திணறுபவருக்குத் தேவைப்பட்டால் தங்கம், வெள்ளி போன்ற உலோகத்தில் செய்த குழாயைத் தொண்டைக்குள் செலுத்தி மூச்சுக்கு உதவலாம் என்ற குறிப்பு அந்த அல்கானூனில்தான் இருக்கிறது. இன்று ஆபரேஷன் அறையில் வாய்வழியே குழாய் போடுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் இப்னு ஸீனாவின் அந்தக் குறிப்பை மறக்காமல் குறிப்பிடுகிறார்கள்.

இப்னு ஸுஹ்ர் தம் தந்தையிடமே மருத்துவம் கற்றார். அக்கால அறிஞர்கள் பலர் தத்துவம், வானியல், சட்டம், மருத்துவம் என எல்லாவற்றிலும் கால் வைத்தார்கள். இவரோ வாழ்நாள் முழுவதையும் மருத்துவத்துக்கே கொடுத்தார். மருந்துகளைத் தம் கையாலேயே இடித்து, காய்ச்சி, கலந்து தயாரிப்பதில் அவருக்குத் தனி விருப்பம் இருந்தது.

நூல்களில் இருந்த சிகிச்சை, கைகளில் இல்லாத சிகிச்சை

தொண்டையில் வீக்கமோ சீழ்க்கட்டியோ ஏற்பட்டு மூச்சுப் பாதை அடைபடும் நோய் அன்று மருத்துவர்களை அதிகம் பயமுறுத்திய நோய்களில் ஒன்று. நோயாளி நல்ல நினைவோடு இருப்பார். கண் முன்னே மூச்சுக்குப் போராடுவார். மருந்து வேலை செய்யும் வரை உயிர் காத்திருக்காது.

இதற்கு ஒரு வழி நூல்களில் எழுதப்பட்டிருந்தது. அடைப்பு இருக்கும் இடத்துக்குக் கீழே, கழுத்தின் முன்பக்கத்தில் மூச்சுக்குழாயை வெட்டி ஒரு துளை செய்தால் காற்று நேரே உள்ளே போகும். வீக்கம் வடிந்ததும் காயத்தை மூடிவிடலாம். கிரேக்க மருத்துவர் அன்டில்லஸ் இதை விவரித்திருந்தார். ஏழாம் நூற்றாண்டில் பவுல் என்ற மருத்துவர் அதைத் தம் நூலில் எடுத்தெழுதினார். அவருடைய நூல் அரபியில் வந்தபோது முஸ்லிம் மருத்துவர்களும் படித்தார்கள். இப்னு ஸீனாவும் வேறு வழியில்லாத நிலையில் இதைச் செய்யலாம் என எழுதினார்.

எழுத்தில் இருந்ததே தவிர, செய்து பார்க்கக் கை வரவில்லை. காரணம் பயம். மூச்சுக்குழாய் குருத்தெலும்பு வளையங்களால் ஆனது. குருத்தெலும்பு அறுபட்டால் மீண்டும் கூடாது என்ற கருத்து பழங்காலம் தொட்டே மருத்துவர்களிடம் ஊறியிருந்தது. கூடாத காயத்தைக் கழுத்தில் ஏற்படுத்தி ஒருவரைக் கொன்றுவிட்டால் பாவம் யாரைச் சேரும்? ஒருபுறம், வெட்டாமல் விட்டால் மூச்சடைத்து மரணம். மறுபுறம், வெட்டினால் தம் கையாலேயே மரணம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் மருத்துவர்கள் கைகட்டி நின்றார்கள்.

நம் வீடுகளில் இந்தப் பயத்தைப் புரியவைப்பது எளிது. குர்பானி அறுப்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மூச்சுக்குழாய், உணவுக்குழாய், கழுத்தின் இருபுறமும் உள்ள பெரிய இரத்தக் குழாய்கள் ஆகிய நான்கும் அறுபடுவதே சிறந்த முறை என்று உலமாக்கள் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கழுத்தில் கத்தி பட்டால் உயிர் போகும் என்பது நம் கண்ணால் கண்ட உண்மை. அப்படியிருக்க, உயிர் காப்பதற்காக அதே கழுத்தில் கத்தி வைக்க வேண்டும் என்றால் மனம் எப்படி ஒப்பும்?

இதற்கு ஒரு பாதி விடை, இப்னு ஸுஹ்ருக்கு ஒரு நூற்றாண்டு முந்தி அதே அந்தலூசியாவில் கிடைத்திருந்தது. குர்துபா அருகே மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி (936-1013), அறுவை மருத்துவத்தின் பேராசான். முப்பது பகுதிகள் கொண்ட அத்தஸ்ரீஃப் நூலின் ஆசிரியர். கத்தியால் கழுத்து அறுபட்ட ஒரு பணிப்பெண்ணுக்குச் சிகிச்சை செய்ய ஒருமுறை அவரை அழைத்தார்கள். அவர் போய்ப் பார்த்தபோது, அறுத்த பிராணியைப் போன்ற சப்தம் அந்தப் பெண்ணிடமிருந்து வந்துகொண்டிருந்தது. காயத்தின் வழியே காற்று வெளியேறியது. ஆனால் இரத்தம் அதிகம் போகவில்லை. மூச்சுக்குழாய் அறுபட்டிருந்தாலும் பெரிய இரத்தக் குழாய்கள் தப்பியிருந்தன. ஸஹ்ராவி காயத்தைத் தைத்தார். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். குரல் கொஞ்சம் கரகரத்ததைத் தவிர வேறு குறை இல்லை.

கழுத்தில் உயிரைப் பறிப்பது மூச்சுக்குழாயின் காயம் மட்டுமல்ல, அதன் பக்கத்தில் ஓடும் இரத்தக் குழாய்களின் காயமே பெரிய ஆபத்து என்பதை ஸஹ்ராவி அந்தச் சம்பவத்திலிருந்து உணர்ந்தார். மூச்சுக்குழாயை வெட்டுவதில் ஆபத்து இல்லை என்றும் எழுதினார். ஆனால் அது தற்செயலாக நடந்த ஒரு விபத்து. தம் நாட்டில் யாரும் இந்தச் சிகிச்சையைச் செய்து தாம் பார்த்ததில்லை என்றும் அவரே பதிவு செய்தார். ஒரு மருத்துவர் திட்டமிட்டு வெட்டினால் காயம் ஆறுமா என்ற கேள்வி அப்படியே நின்றது.

ஒரு ஆடும் ஒரு மாணவரும்

இந்தக் கேள்விக்குத்தான் இப்னு ஸுஹ்ர் விடை தேடினார். அப்போது அவர் மருத்துவம் கற்றுக்கொண்டிருந்த காலம். முன்னோர் எழுதியதைப் படித்தார். பெரியவர்கள் எழுதிவிட்டார்கள் என்பதற்காக அப்படியே நம்பவும் இல்லை, யாரும் செய்யவில்லை என்பதற்காகத் தள்ளவும் இல்லை. ஓர் ஆட்டைத் தேர்ந்தெடுத்தார்.

ஆட்டின் கழுத்துத் தோலைக் கீறினார். அதன் கீழிருந்த சவ்வை வெட்டினார். பிறகு மூச்சுக்குழாயிலிருந்து துர்முஸ் விதை அளவுக்கு ஒரு துண்டை முழுமையாக வெட்டியெடுத்தார். துர்முஸ் என்பது அரபு நாடுகளில் ஊறவைத்துத் தின்னும் ஒரு பயறு. நம்மூர் மொச்சைக்கொட்டை அளவு இருக்கும். வெறும் கீறல் என்றால் ஓரங்கள் ஒட்டிக்கொள்ளும் என்று யாராவது சொல்லிவிடலாம். ஒரு துண்டையே எடுத்துவிட்ட துளை ஆறுமா என்பதுதான் கடினமான சோதனை. அதையே அவர் செய்தார்.

அதோடு விட்டுவிடவில்லை. தண்ணீரும் தேனும் கலந்து அந்தக் காயத்தைத் தொடர்ந்து கழுவி வந்தார். சைப்ரஸ் மரத்தின் காயை மிக நுண்ணிய பொடியாக்கித் தூவினார். காயம் ஆறியது. ஆடு முழுமையாகக் குணமடைந்து நெடுங்காலம் உயிர் வாழ்ந்தது. இவை அனைத்தையும் பின்னாளில் தம் அத்தைஸீர் நூலில் அவரே எழுதிவைத்தார்.

இந்தச் சிறிய பதிவில் எவ்வளவு ஒழுங்கு இருக்கிறது என்று பாருங்கள். என்ன கேள்வி, எந்தப் பிராணி, எவ்வளவு வெட்டினார், காயத்தை எதனால் பராமரித்தார், முடிவு என்ன என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு சிகிச்சையை மனிதரிடம் செய்வதற்கு முன் பிராணியிடம் செய்து பார்த்து, முடிவு தெரியும்வரை காத்திருந்து, அதை எழுதிவைப்பது இன்றைய மருத்துவ ஆய்வின் அடிப்படை விதிகளில் ஒன்று. இப்னு ஸுஹ்ர் அதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் செய்தார்.

அவர் மனிதர் யாருக்கும் இந்தச் சிகிச்சையைச் செய்ததாகப் பதிவு இல்லை. செய்ததாக அவரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆட்டிடம் பார்த்ததை ஆட்டிடம் பார்த்ததாகவே எழுதினார். அவருடைய காலத்தில் உயர்ந்த குடும்பத்து மருத்துவர்கள் கத்தியைத் தொடுவதைத் தங்கள் தகுதிக்குக் குறைவாக நினைத்தார்கள். வெட்டுவது, சூடு போடுவது போன்ற வேலைகளை உதவியாளர்களிடம் விட்டுவிடுவார்கள். அவரும் அந்த வழக்கத்தை ஏற்றவர்தான். அப்படிப்பட்டவர் மாணவப் பருவத்தில் ஓர் ஆட்டின் காயத்தைக் கழுவிக்கொண்டிருந்தார் என்றால், அந்தக் கேள்வி அவரை எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்!

சிறையும் அரசவையும்

1121ஆம் ஆண்டையொட்டி, முராபிதூன் இளவரசர் இப்ராஹீம் இப்னு யூஸுஃபுக்காக அல்இக்திஸாத் என்ற நூலை இப்னு ஸுஹ்ர் எழுதினார். உடல்நலம் பேணுவது பற்றிய நூல் அது. பத்து ஆண்டுகள் கழித்து தந்தை அபுல் அலா காலமானார். மகனின் புகழ் பரவியது.

ஆனால் அரச குடும்பத்தின் நெருக்கம் எப்போதும் நன்மையாக முடிவதில்லை. இப்ராஹீமின் சகோதரரும் ஆட்சியாளருமான அலீ இப்னு யூஸுஃபின் கோபத்துக்கு ஆளானார் இப்னு ஸுஹ்ர். மர்ராகுஷ் நகரச் சிறையில் அடைக்கப்பட்டார். செல்வமும் செல்வாக்கும் கொண்ட குடும்பத்தில் பிறந்து, அமீர்களுக்கு மருந்து கொடுத்த கை, விலங்கைப் பார்த்தது.

1147ல் மர்ராகுஷ் முவஹ்ஹிதூன்களின் வசமானது. புதிய ஆட்சியாளர் அப்துல் முஃமின் அவரைத் தம் மருத்துவராகவும் ஆலோசகராகவும் வைத்துக்கொண்டார். அப்துல் முஃமினுக்காக உணவுகள் பற்றிய நூல் ஒன்றையும் இப்னு ஸுஹ்ர் எழுதினார். எந்த உணவு யாருக்கு ஏற்றது, எந்தப் பருவத்தில் எதை உண்ணலாம் என்று விவரிக்கும் நூல் அது.

அவர் நோயாளிகளை எவ்வளவு பரிவோடு நடத்தினார் என்பதற்கு இப்னு அபீ உஸைபிஆ ஒரு செய்தியைத் தருகிறார். அப்துல் முஃமினுக்குப் பேதி மருந்து தேவைப்பட்டது. அவருக்கோ மருந்து குடிக்கவே பிடிக்காது. இப்னு ஸுஹ்ர் வற்புறுத்தவில்லை. தோட்டத்தில் இருந்த ஒரு திராட்சைக் கொடிக்குப் பேதி மருந்துகளை ஊறவைத்த தண்ணீரை ஊற்றி வளர்த்தார். கொடி காய்த்ததும் ஒரு குலையைக் கொண்டுவந்து ஆட்சியாளரிடம் உண்ணக் கொடுத்தார். மருந்து வேலை செய்ததாம். திராட்சையில் மருந்து அப்படி ஏறுமா என்பது இருக்கட்டும். நோயாளியின் மனத்துக்கு ஏற்றபடி சிகிச்சையை அமைப்பவர் என்று மக்கள் அவரை நினைவில் வைத்திருந்தார்கள் என்பது இதில் தெரிகிறது.

அத்தைஸீர்

இப்னு ஸுஹ்ரின் பெரிய நூல் அத்தைஸீர். நோய்களுக்கான சிகிச்சையையும் உணவுமுறையையும் எளிதாக்கித் தருவது என்பது அதன் பெயரின் பொருள். அந்த நூல் பிறந்ததில் நாம் நன்கு அறிந்த இன்னொருவருக்கும் பங்கு உண்டு. அவர் இப்னு ருஷ்த். மருத்துவத்தின் பொதுக் கொள்கைகளைப் பற்றி அல்குல்லிய்யாத் என்ற நூலை எழுதிய இப்னு ருஷ்த், தனித்தனி நோய்களின் சிகிச்சையை அறிய விரும்புபவர்கள் அத்தைஸீரைப் பார்க்கட்டும் என்று தம் வாசகர்களை அனுப்பிவைத்தார். தாம் கேட்டுக்கொண்டதால்தான் இப்னு ஸுஹ்ர் அதை எழுதினார் என்றும் குறிப்பிட்டார். ஒரே துறையில் இருந்த இரண்டு பெரியவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாக நிற்காமல், நீர் அதை எழுதும், நான் இதை எழுதுகிறேன் என்று வேலையைப் பங்கிட்டுக்கொண்டது போன்ற ஏற்பாடு அது.

அத்தைஸீரில் ஆட்டுச் சோதனை ஒன்றுதான் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். சொறி சிரங்கு வந்த தோலுக்கு அடியில், கண்ணுக்கு எளிதில் தெரியாத மிகச் சிறிய உயிரி இருப்பதை அதில் எழுதியிருக்கிறார். இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் ஏற்படும் அழற்சியை விவரித்திருக்கிறார். உணவை விழுங்க முடியாமல் தொண்டை செயலிழந்தவருக்கு வெள்ளிக் குழாயை உணவுக்குழாய்க்குள் செலுத்தி, பால் போன்ற நீராகாரத்தை ஊற்றலாம் என்றும் எழுதியிருக்கிறார். இன்று மூக்குவழியே குழாய் போட்டு உணவு கொடுப்பதைப் பார்க்கும்போது இது நமக்கு நினைவுக்கு வர வேண்டும். மூச்சு, உணவு ஆகிய இரண்டு பாதைகள் அடைபட்டாலும் நோயாளியைக் கைவிடாமல் வழி தேடியவர் அவர்.

இந்த நூல் ஹீப்ரு மொழிக்கும் அங்கிருந்து லத்தீனுக்கும் போனது. அச்சு இயந்திரம் வந்த சில பத்தாண்டுகளிலேயே, 1490ல், வெனிஸ் நகரில் அச்சாகியது. ஐரோப்பிய மருத்துவ மாணவர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகப் படித்தார்கள்.

இறுதி நாட்கள்

இப்னு ஸுஹ்ர் ஹிஜ்ரி 557ல், அதாவது 1162ஐ ஒட்டி, செவில்லியில் வஃபாத்தானார். அவருடைய உயிரைப் பறித்தது உடலில் தோன்றிய ஒரு கட்டி. தமக்குத் தாமே மருந்து தயாரித்துப் போட்டுப் பார்த்தார். பலன் தெரியவில்லை. மகன் அபூ பக்ர், மருந்தை மாற்றிப் பார்க்கலாமே என்று யோசனை சொன்னார். இந்த உடலின் நிலையை மாற்ற அல்லாஹ் நாடிவிட்டால், அவன் நாட்டத்துக்கு ஏற்ற மருந்தைத்தான் தாம் பயன்படுத்த முடியும் என்ற கருத்தில் தந்தை பதில் சொன்னதாக இப்னு அபீ உஸைபிஆ எழுதுகிறார். வாழ்நாள் முழுவதும் காரணங்களைத் தேடி, சோதித்து, முயன்ற மனிதர், முயற்சிக்கு அப்பால் உள்ளதையும் அறிந்திருந்தார்.

அவருக்குப் பின் மகன் அபூ பக்ர் மருத்துவராகவும் முவஷ்ஷஹ் கவிதைகளுக்காகவும் புகழ்பெற்றார். நம் பெண் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. இப்னு ஸுஹ்ரின் மகளும், அந்த மகளின் மகளும் மருத்துவம் கற்றவர்கள். பெண்களுக்கான சிகிச்சையிலும் பிரசவம் பார்ப்பதிலும் தேர்ந்தவர்கள். முவஹ்ஹிதூன் ஆட்சியாளர் அல்மன்ஸூர், தம் குடும்பப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்க அவர்களைத் தவிர வேறு யாரையும் அனுமதிக்கவில்லை.

ஆட்டிலிருந்து ஆபரேஷன் அறை வரை

இப்னு ஸுஹ்ருக்குப் பிறகு இந்த வரலாறு வேறு நாடுகளுக்கு நகர்ந்தது. பின்வந்தவர்கள் எல்லோரும் அவருடைய நூலைப் படித்துத்தான் செய்தார்கள் என்று நாம் உரிமை கொண்டாட வேண்டியதில்லை. அவர் கேட்ட அதே கேள்வியை அவர்களும் கேட்டார்கள் என்பதே போதும்.

1543ல் வெளியான நூலில் வெசாலியஸ், ஒரு பிராணியின் மூச்சுக்குழாயில் நாணல் குழாயைப் பொருத்தி ஊதினால் நுரையீரல் விரிவதையும் உயிர் திரும்புவதையும் விவரித்தார். 1546ல் இத்தாலியின் பிரசவோலா, தொண்டைக் கட்டியால் சாகக் கிடந்த ஒரு நோயாளிக்கு மூச்சுக்குழாயில் துளையிட்டுப் பிழைக்க வைத்ததைப் பதிவு செய்தார். தெளிவான விவரத்தோடு மனிதருக்குச் செய்து வெற்றி கண்டதாகப் பதிவான முதல் சிகிச்சை அதுதான் என்பார்கள்.

1846ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்தின் ஆற்றல் எல்லோர் முன்னிலையிலும் காட்டப்பட்டது. வலியில்லாத ஆபரேஷன் சாத்தியமானது. உடனே அடுத்த பிரச்சினை வந்தது. 1848ல் இங்கிலாந்தில் கால் விரல் நகத்துக்கான சிறிய ஆபரேஷனுக்காகக் குளோரோஃபாம் கொடுக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி சில நிமிடங்களில் இறந்துபோனாள். மயக்கம் தருவது எளிது, மயக்கத்தில் உயிரைக் காப்பது கடினம் என்பது உலகுக்குப் புரிந்தது.

1858ல் ஜான் ஸ்னோ முயலின் மூச்சுக்குழாயில் துளையிட்டு அதன்வழியே மயக்க மருந்து கொடுத்துப் பார்த்த விவரம் வெளிவந்தது. 1871ல் ஜெர்மனியின் டிரெண்டலென்பர்க், மனிதரிடம் அதே வழியில், காற்றுப்பை பொருத்திய குழாயைப் பயன்படுத்தினார். இரத்தம் நுரையீரலுக்குள் இறங்காமல் அந்தப் பை தடுத்தது. 1878ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வில்லியம் மெக்கீவன், கழுத்தை வெட்டாமல் வாய்வழியே மூச்சுக்குழாய்க்குள் குழாயைச் செலுத்தி, வாய்ப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்தார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு ஆபரேஷன் செய்தபோது, ஐவன் மேகில் என்ற மருத்துவர் ரப்பர் குழாய்களை வடிவமைத்தார். 1943ல் மெக்கின்டாஷ் உருவாக்கிய வளைந்த லாரிங்கோஸ்கோப் இன்றும் ஒவ்வொரு ஆபரேஷன் அறையிலும் இருக்கிறது.

1952ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. தொடக்க நாட்களில், மூச்சுத் தசைகள் செயலிழந்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அப்போது மயக்க மருத்துவர் பியோன் இப்ஸன், கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்றுச் செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாக அந்தப் பைகளை அழுத்தினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அதிலிருந்துதான் வளர்ந்தது.

நம் வீட்டு வாசலில்

இந்த வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். விபத்திலோ பக்கவாதத்திலோ கடும் நிமோனியாவிலோ நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஐ.சி.யூவில் வென்டிலேட்டரில் இருக்கிறார் என்று வையுங்கள். வாய்வழிக் குழாயை நீண்ட நாட்கள் வைத்திருக்க முடியாது, கழுத்தில் துளையிட்டு டிரக்கியாஸ்டமி குழாய் பொருத்த வேண்டும் என்று மருத்துவர் கையெழுத்துக் கேட்கிறார். வெளியே நிற்கும் குடும்பம் அதிர்ந்துபோகிறது. கழுத்தை வெட்டுவதா? இனி பேசவே முடியாதா? அந்தத் துளை எப்போதும் அப்படியே இருக்குமா? அன்று மருத்துவர்களைத் தடுத்த அதே பயம்தான் இன்று நம்மைத் தடுக்கிறது.

காயம் ஆறுமா என்ற கேள்விக்கு இப்னு ஸுஹ்ரின் ஆடு அன்றே விடை சொல்லிவிட்டது. பலருக்கு அந்தத் துளை தற்காலிகமானது. நோய் தேறி, குழாயை எடுத்த பிறகு பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். குழாய் இருக்கும்போது காற்று குரல்நாண்களைத் தொடாமல் வெளியேறுவதால்தான் பேச்சு வருவதில்லை. குழாய் எடுத்த பிறகு பலருக்குக் குரல் திரும்பிவிடும். ஆபத்தே இல்லாத சிகிச்சை என்று சொல்ல முடியாது. யாருக்கு, எப்போது தேவை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நாம் செய்ய வேண்டியது, பயத்தில் உடனே மறுக்காமலும், எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போடாமலும், ஏன் தேவை, எவ்வளவு காலம், வீட்டில் எப்படிப் பராமரிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே. சளி உறிஞ்சுவது, துளையைச் சுற்றிச் சுத்தம் செய்வது போன்றவற்றை வீட்டில் ஒருவராவது செவிலியரிடம் கற்றுக்கொண்டால், வீடு திரும்பிய பின் பாதிச் சிரமம் குறையும்.

முன்னோர்களின் பெருமையை நாம் அடிக்கடி பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் இப்னு ஸுஹ்ர் செய்யாததைச் செய்ததாகச் சொல்வது அவருக்கு மரியாதை ஆகாது. ஏனெனில் அவரே தாம் செய்யாததைச் செய்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. படித்ததைச் சோதித்துப் பார்த்தார், காயம் ஆறும்வரை பொறுத்திருந்தார், நடந்ததை நடந்தபடி எழுதினார். நம் பிள்ளைகளில் ஒருவர் நாளை மயக்க மருத்துவராகவோ செவிலியராகவோ ஆகி, யாரோ ஒருவரின் மூச்சைக் காத்து நிற்கும்போது அவருக்குத் தேவைப்படுவதும் இந்த மூன்று குணங்கள்தாம். அத்தகைய பிள்ளைகளை வல்ல அல்லாஹ் நம் வீடுகளில் உருவாக்குவானாக.